சிவப்புக் கட்டடத்தோடு முடிந்துபோகும் மலாக்கா

பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரங்களில் மலாக்கா ஆற்றோரம் பேருந்துகள் வரிசைபிடித்து நிற்கும். ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளின் பெயர் எழுதிய பதாகைகளும் அவற்றில் சில வண்டிகளில் தொங்கும். பிள்ளைகள் இறங்குவார்கள், சிவப்புக் கட்டடத்தின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். குன்றைச் சுற்றி நடந்து கோட்டை வாசலில் இன்னொரு படம். பிறகு கப்பல் அருங்காட்சியகம், ஜோங்கர் தெருவில் ஒரு செண்டோல். மூன்று மணிக்கெல்லாம் வண்டி கிளம்பிவிடும். இதே பாதையில்தான் நானும் ஆண்டுக்கணக்காக ஆட்களை நடத்திக்கொண்டிருக்கிறேன். அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நடந்து முடித்த தமிழ்ப் பிள்ளை ஒன்றிடம், "இந்த ஊருக்கு நம்ம ஆளுங்க எப்போ வந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "வெள்ளைக்காரன் பால்மரம் வெட்டக் கூட்டியாந்தான் சார்" என்றுதான் பதில் வரும்.

அந்தப் பிள்ளையின் தாத்தாவுக்கு இந்தப் பதில் பொருந்தும். இந்த ஊருக்குப் பொருந்தாது. ஏறக்குறைய நானூறு ஆண்டுக் கணக்கு அதில் விடுபட்டுப்போகிறது.

1511 ஆகஸ்டில் அல்புகெர்க்கே இந்த நகரைப் பிடித்தபோது இங்கே பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்துப் பக்கமிருந்தும் துணி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சோழமண்டலக் கரையின் துணி இல்லாவிட்டால் கிழக்கே மலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க முடியாது. அங்கே காசைவிடத் துணிக்குத்தான் மதிப்பு அதிகம். அடுத்த ஆண்டு இங்கு வந்த தொமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதிவைத்தார். சுல்தான் ஆட்சியில் துறைமுகத்துக்கு ஷாபந்தர் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நான்கு பேர் இருந்தார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. அதில் ஒருவருடைய பொறுப்பு சோழமண்டலம், வங்காளம், பெகு, பாசாய் கப்பல்களைக் கவனிப்பது. துறைமுகத்து நிர்வாகத்திலேயே நம் கரைக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது.

போர்த்துகீசியர் தங்கள் ஏடுகளில் நினா சட்டு என்று குறிக்கும் ஓர் இந்து வணிகர் இருந்தார். 1509 இல் வந்த முதல் போர்த்துகீசியக் குழுவில் சிலர் இங்கே சிறைப்பட்டபோது மறைமுகமாக உதவியவர் அவர். நகரம் கைமாறியதும் அவருக்குப் பெண்டஹாரா என்ற உயர்பதவி கிடைத்தது. 1514 இல் பதவி பறிபோகிறது என்று தெரிந்ததும் சிதை அடுக்கச் சொல்லி, அதில் தானே இறங்கி உயிர்விட்டார். இந்தக் கதையைச் சொன்னால் நம்மவர் சிலருக்கு உடனே மார்பு விரியும். கொஞ்சம் பொறுங்கள். அந்நியப் படைக்கு உள்ளிருந்து உதவி, அதற்குப் பரிசாகப் பதவி வாங்கிய ஆளும் அவரேதான். மலாக்காத் தமிழ் வணிகர்கள் கப்பலும் காசும் அடிமைகளும் வைத்திருந்தவர்கள். அவர்களைத் தோட்டத்து மக்களுக்குப் பாட்டன் முப்பாட்டன் ஆக்கிவிட முடியாது. ஆண்ட பரம்பரைப் பேச்சுக்கு இந்த ஊரில் எனக்கு இடம் தெரியவில்லை. இருந்தவர்களை இருந்தார்கள் என்று சொன்னால் போதும்.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று பள்ளியில் படிக்கிறோமே, அவரேதான். தமிழ், அரபு வழிவந்த குடும்பம். 1796 இல் மலாக்காவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தந்தை அவரைத் தமிழ் கற்க அனுப்பியதை 'ஹிக்காயத் அப்துல்லா'வில் எழுதியிருக்கிறார். வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது மலாக்காவில் முன்னோர் காலம் தொட்டு வந்த வழக்கமாம். கணக்கு வழக்குக்கும் வணிகரோடு பேசுவதற்கும் அது வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளைக்கு என்ன எதிர்காலம் என்று இன்று கேட்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, குன்றுக்கு வருவோம். சிவப்புக் கட்டடத்தை மறுபடி விவரிக்கப் போவதில்லை. டச்சுக்காரர் காலத்தில் அது வெள்ளை நிறம், சிவப்பு பூசியது பிரிட்டிஷார் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அதை ஒட்டிய கிறிஸ்து தேவாலயம் 1753 இல் கட்டி முடிந்தது. அங்கிருந்து படியேறினால் புனித பவுல் குன்று. மேலே கூரையில்லாமல் நிற்கும் தேவாலயம் 1521 இல் தொடங்கியது. முன்னால் வலக்கை இல்லாத ஒரு வெள்ளைச் சிலை. புனித பிரான்சிஸ் சவேரியார். மரம் விழுந்து சிலையின் கை ஒடிந்தது, நிஜ உடலின் வலக்கையும் ரோமாபுரிக்கு வெட்டி எடுத்துச் செல்லப்பட்டது என்ற கதையை எந்த வழிகாட்டியும் விடமாட்டார். நானும் விடுவதில்லை, பிள்ளைகள் வாய்பிளந்து கேட்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லப்படாத ஒன்று உண்டு. 1545 இல் மலாக்காவில் கால் வைப்பதற்கு முன்னால் சவேரியார் இருந்தது முத்துக்குளித்துறையில். 1542 முதல் பரதவர் ஊர்களில் சுற்றி, மொழி தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1552 இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தபின் அவர் உடல் கோவாவுக்குப் போகுமுன் ஏறக்குறைய ஒன்பது மாதம் இருந்தது இந்தக் குன்றின்மேல்தான். தமிழ்ச் சொல் சில இந்தச் சிலைக்குரியவரின் நாவில் புழங்கியிருக்கிறது என்று தெரிந்தபிறகு, அதே சிலையைப் பிள்ளைகள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் போர்த்தா டி சந்தியாகோ. எல்லாரும் போர்த்துகீசியர் கோட்டை என்று சொல்லிப் படம் எடுக்கும் வாசல். வளைவுக்கு மேலே தலையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே செதுக்கியிருப்பது டச்சுக் கம்பெனியின் சின்னம், பக்கத்தில் 1670 என்ற ஆண்டு. 1641 இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் கோட்டையைப் பழுதுபார்த்துத் தங்கள் முத்திரையை வைத்துவிட்டார்கள். 1807 இல் பிரிட்டிஷ் அதிகாரி ஃபர்குவார் வெடிவைத்துத் தகர்த்தபோது, பாறைகள் பறந்து கடலில் விழுந்ததைப் பார்த்து எழுதியவரும் முன்ஷி அப்துல்லாதான். இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரியான ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த ஒரு வாசல் மிஞ்சியது. அலை அடித்த இடத்தில் இப்போது பேரங்காடிகள். கடலை மண்போட்டுத் தள்ளித்தள்ளி வைத்ததில், இது துறைமுகக் கோட்டை என்று சொன்னால் பிள்ளைகள் "கடல் எங்கே சார்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி.

பேருந்துகள் இத்தோடு திரும்பிவிடுகின்றன. நான் சொல்லவந்த மலாக்காவோ பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது.

ஆற்றுப் பாலத்தைக் கடந்து, ஜோங்கர் தெருவின் கூட்டத்தில் சிக்காமல் அடுத்த தெருவுக்குப் போனால் ஜாலான் துக்காங் எமாஸ். நிதானமாக நடந்தாலும் பத்து நிமிடம் ஆகாது. அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் தைவநாயகம் செட்டி 1781 இல் எழுப்பியது. நம் நாட்டில் இன்றும் வழிபாட்டில் இருக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. தோட்டத்துக் கோயில்களின் வண்ணக் கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கோயில் என்றே முதலில் படாது. தெருவை ஒட்டி அடக்கமான முகப்பு, ஓட்டுக்கூரை, டச்சு வீட்டின் சாயல். நாலு அடி தள்ளி கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748 இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தொடங்கியது. மினாரா சீனப் பகோடா போல அடுக்கடுக்காக எழும். இன்னும் நாலு அடி நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்று மதமும் ஒரே தெருவரிசையில் இருப்பதைச் சுற்றுலாத் துறை நல்லிணக்கத் தெரு என்று விளம்பரம் செய்கிறது. விளம்பரத்தில் குற்றமில்லை. ஆனால் அந்த மூன்றில் இரண்டைக் கட்டியவர்கள் வங்கக் கடலைத் தாண்டி வந்த நம்மவர்கள் என்பது விளம்பரத்தில் பெரிதாக வருவதில்லை.

தெருவின் பெயரில் பொற்கொல்லர் இருக்கிறார்கள், தெருவில் அவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. பழைய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966 ஆம் ஆண்டுச் சட்டம் 1997 இல் நீக்கப்பட்டது, 1999 கடைசியோடு பாதுகாப்பு முடிந்தது. தலைமுறைகளாகக் குறைந்த வாடகையில் தொழில் செய்தவர்கள் பெட்டி கட்டினார்கள். காலியான வீடுகளில் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. 2008 ஜூலையில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, யுனெஸ்கோ பாராட்டியவற்றில் ஒன்று இந்நகரங்களின் உயிருள்ள பன்மைப் பண்பாடு. பட்டம் வருவதற்குள் பண்பாட்டுக்குச் சொந்தக்காரர்கள் பலர் வீடு மாறியிருந்தார்கள்.

அந்தச் சொந்தக்காரர்களில் ஒரு கூட்டத்தாரைப் பார்க்க வேண்டுமானால் காஜா பெராங் போக வேண்டும். துக்காங் எமாஸிலிருந்து வண்டியில் சில நிமிடம். மலாக்கா செட்டிகளின் கம்பம். சுல்தான் காலத்திலும் அதற்குப் பிறகும் வந்த தமிழ் வணிகர்கள் இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே தலைமுறைகள் பெருகி, தமிழை இழந்து, சிவனை இழக்காமல் வாழ்பவர்கள். வீட்டுப் பேச்சு மலாய். பெண்கள் கெபாயா, ஆண்கள் சாரோங். வாசலில் மாவிலைத் தோரணம். பொங்கலை ஒட்டி ஒருமுறை, ஆண்டு நடுவில் பழங்கள் பழுக்கும் காலத்தில் ஒருமுறை, வாழையிலை போட்டு முன்னோருக்குப் படைக்கிறார்கள். பார்ச்சு என்பது அந்தப் படையலின் பெயர். இலையில் நாசி லெமாக் இருக்கும், மீன் குழம்பு இருக்கும், பலகாரம் இருக்கும். படைத்துவிட்டுக் கதவைச் சாத்திச் சற்று நேரம் வெளியே காத்திருப்பார்கள். நம் வீடுகளில் அம்மாமார் செய்ததுதான்.

இவர்களைப் பற்றி நம்மிடையே ஓர் ஏளனம் உண்டு. "தமிழ் பேசத் தெரியாத தமிழர்." தோட்டப்புறத்தில் வளர்ந்த நானும் கேட்டு வளர்ந்த பேச்சுதான். நூற்றாண்டுகள் தனித்து நின்று, நாலைந்து ஆட்சிகளைக் கடந்து, மாரியம்மனுக்கு ஆண்டுதோறும் விழா எடுத்தவர்களிடம் நாம் வைக்கும் கேள்வி மொழித் தேர்வு ஒன்றுதானா? நாம் வந்து நூறு நூற்றிருபது ஆண்டுதான். அதற்குள் நம் பேரப்பிள்ளைகள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று வீட்டில் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால் இந்த ஏளனம் தானே அடங்கும்.

காஜா பெராங் முத்து மாரியம்மன் கோயிலில் ஏப்ரல் கடைசி, மே வாக்கில் நடக்கும் திருவிழாவுக்கு டத்தோ சாச்சார் என்று பெயர். அம்மை நோயின் தெய்வம். பால்குடமும் காவடியும் உண்டு. தோட்டத்து ஆடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் அத்துப்படியாகத் தெரியும், காதில் விழும் பேச்சு மட்டும் மலாயாக இருக்கும்.

இந்தக் கம்பம் உலக மரபுரிமைக் கோட்டுக்கு வெளியே கிடக்கிறது. உயிருள்ள பண்பாட்டுக்குக் கிடைத்த பட்டத்தில், அந்தப் பண்பாட்டை அன்றாடம் வாழ்கிறவர்கள் கோட்டுக்கு அப்பால். 2010களில் கோயில் பக்கத்தில் பல மாடிக் கட்டடங்கள் எழும்பும் திட்டம் வந்தபோது கம்பத்து மக்கள் எதிர்த்து நின்றது செய்தித்தாள்களில் வந்தது. மண்ணுக்கு அடியில் புதைந்த கோட்டை என்றால் கதை வேறு. 2006 இல் சுழல் கோபுரத்துக்குத் தோண்டும்போது டச்சுக் காலத்து மிடல்பர்க் கொத்தளம் தட்டுப்பட்டது. கோபுரத்தையே வேறு இடத்துக்கு நகர்த்தினார்கள், கொத்தளத்தைத் திரும்பக் கட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். நல்ல காரியம், சந்தேகமில்லை. கல்லுக்குக் கிடைத்த அந்த மரியாதை கம்பத்துக்கும் கிடைக்கட்டும் என்பதே என் கோரிக்கை.

இந்த விஷயத்தில் உலகின் மறுபக்கத்தில் ஓர் ஊர் நமக்குப் பாடமாக இருக்கிறது. மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைநாட்டில் சான் கிறிஸ்டோபல் டி லாஸ் காசாஸ். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே, 1528 இல் ஸ்பானியர் நிறுவிய நகரம். மலாக்கா வீழ்ந்து பதினேழு ஆண்டு கழித்து. அங்கேயும் சதுக்கம், வண்ணம் பூசிய தேவாலயம், கல் பாவிய தெரு, படமெடுக்கும் கூட்டம். ஆனால் அங்கு போகும் பயணிகள் ஊரோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்து மலைக் கிராமமான சான் ஹுவான் சாமுலாவுக்கும் போகிறார்கள். அங்கே சோட்சில் மொழி பேசும் மாயர்கள். கிராமத்துத் தேவாலயத்தில் உட்கார இருக்கை கிடையாது. தரை முழுக்கப் பைன் இலை பரப்பி, நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகளைத் தரையிலேயே ஏற்றி, குடும்பம் குடும்பமாக மண்டியிட்டுத் தங்கள் வழக்கப்படி வேண்டுகிறார்கள். உள்ளே போக நீங்கள் சீட்டு வாங்க வேண்டும், பணம் கிராமத்துக்கு. உள்ளே படம் எடுக்கக் கூடாது. மீறினால் கிராமத்தார் சும்மா விடமாட்டார்கள். பயணி வரலாம், ஆனால் கிராமத்தின் நிபந்தனைக்கு உட்பட்டு வரவேண்டும்.

நம் ஊரில் இது தலைகீழ். காவடி எடுப்பவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறவர்களை நானே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். காஜா பெராங்கில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கம்பத்துக்கு ஆட்களைக் கொண்டுபோவது என்றால் எந்த நாள், எத்தனை பேர், எந்த வீட்டு வாசல்வரை, சாப்பாடு யார் சமைப்பது, காசு யார் கையில் என்பதெல்லாம் செட்டிகள் சொல்லி நாங்கள் கேட்பதாக இருக்க வேண்டும். 2024 மலாக்கா வருகை ஆண்டு என்றார்கள், 2026 மலேசிய வருகை ஆண்டு என்கிறார்கள். வருகிறவர் எண்ணிக்கையைத்தான் எல்லாரும் எண்ணுகிறார்கள். எந்தத் தெருவரைக்கும் வந்தார்கள் என்று எண்ண யாரும் மெனக்கெடுவதில்லை.

தோட்டங்களையும் விட்டுவிட முடியாது. மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் மலாக்காச் சீனரான டான் சாய் யான். 1896 இல் புக்கிட் லிந்தாங்கில். அது கைகொடுத்ததும் குனோங் லேடாங் அடிவாரத்துப் புக்கிட் ஆசாஹானில் பெரிய அளவில் தோட்டம் போட்டார். உலகத்துக்கே டயர் கொடுத்த ஒரு தொழிலின் தொடக்கம் இந்த மாநிலத்து மண். அதை வளர்த்த கை, கங்காணி கூட்டி வந்த கை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றி விளக்கோடு உளி பிடித்து மரம் சீவி, மங்குப் பாலைச் சேர்த்து, காண்டாவாளி தூக்கி ஸ்டோருக்கு நடந்தவர்கள். லயங்கள் பல இடங்களில் இடிந்துவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வீடுகள் வருகின்றன. மிச்சமிருப்பது கோயிலும் பள்ளியும். மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டம் மறைந்த பிறகும் தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. டயமண்ட் ஜூபிலி, கெமுனிங், ஜாசின் லாலாங். ஆசாஹான் அருவிக்குக் குளிக்க வருகிற கூட்டம் வழியில் எந்த மண்ணைக் கடந்து போகிறது என்று தெரியாமலே போகிறது.

வணிகத் தமிழரையும் தோட்டத் தமிழரையும் இணைக்கும் ஒரு நாளும் ஆண்டில் இருக்கிறது. மாசி மகம். துக்காங் எமாஸ் கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் கிளம்பி செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்குப் போவார். விநாயகர் கோயில் செட்டிகளுடையது, நிர்வாகத்தைப் பார்ப்பவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார், ரதத்தின் பின்னால் வருகிற கூட்டம் தோட்டங்களிலிருந்து வந்தது. மூன்று வெவ்வேறு காலத்தில், மூன்று வெவ்வேறு காரணத்துக்காகக் கடல் கடந்தவர்கள். என்னிடம் மலாக்காவை ஒரே நாளில் காட்டச் சொன்னால் அந்த நாளைத்தான் சொல்வேன். அன்றைக்கு எந்தச் சுற்றுலா நிறுவனமும் தமிழ் வழிகாட்டியைக் கேட்டு எனக்கு அழைத்ததில்லை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு யோசனை. வழக்கமான சுற்றைத் தலைகீழாக்குங்கள். காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறுமுன் துக்காங் எமாஸில் இறங்குங்கள். விநாயகர் கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில். அடுத்து, முன்கூட்டியே பேசி வைத்துக் காஜா பெராங்கில் அருங்காட்சியகம். மதியச் சாப்பாட்டைச் செட்டி வீட்டுச் சமையலாக ஏற்பாடு செய்ய முடிந்தால் செய்யுங்கள், இரண்டு வாரம் முன்னால் சொல்லிவிட வேண்டும், விலை பேரம் பேசக் கூடாது. குன்றையும் வாசலையும் பிற்பகலுக்கு வையுங்கள், நான்கு மணிக்கு மேல் படியேறுவது பிள்ளைகளுக்கும் எளிது. சிவப்புக் கட்டடம் கடைசி. நேரம் போதாமல் போனால் அதை விட்டுவிடலாம், நெடுஞ்சாலைப் பலகையிலேயே அதன் படம் இருக்கிறது.

(கட்டுரையாளர் மலாக்கா மாநிலத்தில் உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டி, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்.)